விறாந்தையில் விடியும் கொழும்பு

இரவு பத்து மணிக்குப் பிறகு புறக்கோட்டைப் பக்கம் போனால் வேறு ஒரு ஊரைப் பார்க்கலாம். பகலெல்லாம் மூட்டை தூக்கும் நாட்டாமைகளின் கைவண்டிகளும் லொறிகளும் முட்டிக்கொண்டு நிற்கும் நான்காம் குறுக்குத்தெருவில் வெங்காயச் சருகு மட்டும் காற்றில் உருண்டுகொண்டிருக்கும். கடைகளின் ஷட்டர் இறங்கியதும் விறாந்தைகளில் காட்போட் மட்டைகள் விரியும். சிலரிடம் உரப்பை, சிலரிடம் பழைய பேனர் துணி. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் விடமாட்டார்கள். பொலித்தீன் பையில் சுற்றித் தலைக்குக் கீழே வைத்துக்கொள்வார்கள். வெளியே விட்டால் விடியும்போது இருக்காது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமே இடியோடு மழை பிடித்துவிட்டால் ஏழு மணிக்கே ஆட்கள் வந்து இடம் பார்த்து நிற்பார்கள். சாரல் அடிக்காத சுவரோரம் யாருக்கு என்பதில் சண்டைகூட வரும்.

அங்கிருந்து காலிமுகத்திடலுக்கு நடந்தே போய்விடலாம். கடலை நிரப்பி உருவாக்கிய போர்ட் சிட்டி, வரிசையாக ஹோட்டல்கள், திரும்பிப் பார்த்தால் நிறம் மாறி மாறி ஒளிரும் தாமரைக் கோபுரம். இந்த ஒப்பீட்டை எழுதாத பத்திரிகை இல்லை. பணக்கார ஊரில் ஏழைகள் இருப்பது தனியாக விளக்க வேண்டிய புதினமும் இல்லை. விளக்க வேண்டியது இன்னொன்று. வீட்டுத் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லாத நாடு இது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் கொழும்பின் குடிசைகளை எண்ணினார்கள், அளந்தார்கள், இடித்தார்கள், மாடிகள் கட்டினார்கள். இவ்வளவுக்கும் பிறகு விறாந்தையில் படுப்பவர் மட்டும் ஏன் அங்கேயே படுத்திருக்கிறார்?

எனக்குத் தெரிந்த பதில் இதுதான். கொழும்பில் வீடில்லாதவர்களுக்கு இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒழுகினாலும் ஒரு கூரை வைத்திருப்பவர் முதல் கோப்பில் இருக்கிறார். அவர் வீடமைப்புப் பிரச்சினை. அந்தக் கூரையும் இல்லாதவர் இரண்டாம் கோப்பில் இருக்கிறார். அவர் பொலிஸ் விஷயம். முதல் கோப்பைத் திறந்து திறந்து அதன் அட்டையே கிழிந்துவிட்டது. இரண்டாவதில் 1841ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கிடக்கிறது. அதற்கு மேல் பெரிதாக எதுவும் சேரவில்லை. முதல் கோப்பிலிருந்து இரண்டாவதுக்கு ஆட்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். திரும்ப ஏறிவர வழிதான் இல்லை.

4ஆம் இலக்கமும் 5ஆம் இலக்கமும்

1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது சிலரைச் சோம்பேறிகள், ஒழுங்கற்றவர்கள் என்று வகைப்படுத்துகிறது. வேலை செய்யத் தெம்பிருந்தும் செய்யாமல் பிச்சை எடுப்பவர் அதில் ஒருவர். இன்னொருவர்தான் நம் ஆள்: உரிமையாளரின் அனுமதி இல்லாமல் விறாந்தையிலோ, கொட்டகையிலோ, ஆளில்லாத கட்டிடத்திலோ, வண்டியிலோ தங்குகிறவர், கண்ணுக்குத் தெரிய ஒரு பிழைப்பு இல்லாதவர், தன்னைப் பற்றி ஒழுங்கான கணக்குச் சொல்ல முடியாதவர். விறாந்தை என்ற சொல்லே சட்டத்துக்குள் இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் 14 நாள் வரை சிறை, அல்லது 10 ரூபாய் வரை தண்டம். இன்று பால் சேர்க்காத ஒரு பிளேன்டிக்கே அந்தக் காசு போதாது. ஆனால் கையில் பத்து ரூபாய்கூட இல்லாதவரைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறார்கள் என்பதால் சிறைதான் மிஞ்சுகிறது.

இந்தச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் என்ன வந்தது என்று பார்த்தால் அது எதற்காக வந்தது என்பது விளங்கும். 1840இல் 12ஆம் இலக்கச் சட்டம்: உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் பிரிட்டிஷ் முடிக்குச் சொந்தம். கோப்பித் தோட்டத்துக்கு நிலம் வேண்டியிருந்தது. அடுத்த வருடம் 4ஆம் இலக்கம்: சும்மா திரிவது குற்றம். அதற்கு அடுத்தே 5ஆம் இலக்கம்: ஒப்பந்தத்துக்கு வந்த வேலையாள் வேலையை விட்டுப் போவது குற்றம். நிலம் போயிற்று, வேலையில்லாமல் இருக்கவும் முடியாது, வேலையை விடவும் முடியாது. இரண்டே வருடத்துக்குள் மூன்று கதவும் பூட்டப்பட்டன. தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துபோன நம்முடைய ஆட்கள் இந்த மூன்று சட்டங்களுக்கும் நடுவில்தான் நடந்தார்கள்.

இதற்கெல்லாம் முன்மாதிரி இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டம். நெப்போலியனோடு நடந்த போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் வேலையில்லாமல் தெருவில் படுத்த காலத்தில் வந்தது. அதை நீக்குவதற்கு 2022இல் இங்கிலாந்துப் பாராளுமன்றமே சட்டம் நிறைவேற்றிவிட்டது. நாம் இன்னும் பிள்ளைச் சட்டத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சட்டத்தில் என்னை உறுத்துவது தண்டனை அல்ல. ‘தன்னைப் பற்றி ஒழுங்கான கணக்குச் சொல்ல முடியாதவர்’ என்ற அந்த வரிதான். யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த எந்தத் தமிழருக்கும் அது பழகிய கேள்வி. யார் நீ, எங்கிருந்து வந்தாய், எங்கே தங்கியிருக்கிறாய், பொலிஸ் பதிவு எங்கே? 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். தங்கியிருப்பதற்குத் தகுந்த காரணம் சொல்ல முடியாதவர்கள் என்பதுதான் அதற்குச் சொன்ன விளக்கம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த லொட்ஜுகளில் இருந்தவர்கள் வாடகை கொடுத்தவர்கள், பலர் கையில் அடையாள அட்டை வைத்திருந்தவர்கள். அவர்களுக்காக மனுப்போட ஆள் இருந்தார்கள். விறாந்தையில் படுப்பவரைத் தட்டி எழுப்பி ஏற்றிக்கொண்டு போனால் யார் மனுப்போடுவது?

எதிர்க்கடைப் பெரியவர்

என் சின்ன வயதில் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அதன் விறாந்தையில் ஒரு பெரியவர் படுப்பார். முதலாளியே ஒருநாள், “இங்கேயே படும், கடையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டார். ஆக, சட்டப்படி அவருக்கு உரிமையாளரின் அனுமதி இருந்தது. அவர் குற்றவாளி இல்லை. கொழும்பில் இப்படிப் பாதி காவலாளி, பாதி வீடற்றவராக இருப்பவர்கள் நிறையப் பேர். சம்பளம் கிடையாது. காலையில் ஒரு பிளேன்டி, ஒரு இறாத்தல் பாணில் பாதி.

அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வயதில் ஒரு சைவக் கடைக்கு மேசை துடைக்க வந்தவர். சம்பளத்தோடு சாப்பாடும் படுக்கையும். பகலில் ஆட்கள் சாப்பிடும் மேசை இரவில் அவருக்குக் கட்டில். 83 ஜூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். கடையோடு படுக்கையும் எரிந்தது. பாடசாலையில் போட்டிருந்த அகதி முகாமில் சில வாரம் இருந்துவிட்டு வெளியே வந்தபோது திரும்பிப் போக லயத்து அறையும் இல்லை; அப்பாவும் அம்மாவும், தோட்டத்துத் தமிழர்களை இலங்கையும் இந்தியாவும் பிரித்துக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தார்கள். இவர் போகவில்லை. இங்கே பதியவும் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துத் தமிழர்களிடமிருந்து பறித்த குடியுரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் மிச்சமிருந்தவர்களுக்குக் கடைசியாகத் திருப்பிக் கொடுத்தது. அப்போது இவருக்கு அதைப் பற்றிச் சொல்லவும் ஆள் இல்லை, ஓடித்திரிய காலும் இல்லை.

இவருடைய கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை, அதனால்தான் சொல்கிறேன். கொழும்பில் வேலைதான் கூரை. சாப்பாட்டுக் கடை, நகைக் கடை, புடவைக் கடை, ஹார்ட்வெயார் எங்கே பார்த்தாலும் மலையகத்துப் பொடியன்கள் கடை மாடியிலோ ஸ்டோர் ரூமிலோதான் தூங்குகிறார்கள். முதலாளிக்கு அது வசதி, பொடியனுக்கும் வசதிதான், வாடகை மிச்சம். ஆனால் வேலை போகும் அன்றே படுக்கையும் போகிறது. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இது ஒரேயடியாக வெளியே தெரிந்தது. கடையும் இல்லை, ஊருக்குப் போகப் பஸ்ஸும் இல்லை என்று கொழும்பில் சிக்கிக்கொண்ட தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி அந்த வாரங்களில் செய்தி வராத நாளில்லை. அவர்களில் பெரும்பாலானோருக்கு அப்புறம் வீடு போய்ச் சேர ஒரு வீடு இருந்தது. நாற்பது ஐம்பது வயதில், குடியோ வருத்தமோ பிடித்து, வீட்டோடு பேச்சு அறுந்த பிறகு வேலை போகிறவருக்கு அதுவும் இருப்பதில்லை. நாட்டாமை வேலைக்கு முதுகு வேண்டும். முதுகு விழுந்தால் கைவண்டி வேறு ஆளுக்குப் போய்விடும்.

முதல் கோப்பின் வரலாறு

கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளைத் துறைமுகம் உண்டாக்கியது. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அத்திவாரம் போட்டார்கள், பத்து வருடத்தில் அது முடிந்தது. கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்தன. மூட்டை தூக்க, நிலக்கரி அள்ள ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். பணமிருந்தவர்கள் தங்கள் வளவுக்குள் வரிசை வரிசையாகச் சின்ன அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அவற்றைத்தான் இன்றைக்கும் நாம் ‘தோட்டம்’ என்கிறோம், சிங்களத்தில் ‘வத்த’. பெயர் என்னவோ தோட்டம், பத்து வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ். 1921இல் நகரத் திட்ட நிபுணர் பற்றிக் கெடிஸ் வந்து கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகரம் ஆக்கத் திட்டம் எழுதிக் கொடுத்தார். மரங்கள் பணக்காரர்களின் கறுவாத்தோட்டத்தில் வளர்ந்தன. வடகொழும்பில் அறைகள்தான் பெருகின.

பெரிய மாற்றம் 1973இல் வந்தது. வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று எல்லை போட்டு மிச்சத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு முந்திய வருடம் வந்த வாடகைச் சட்டமும் சேர்ந்து, அப்போது தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் பெரிய பாதுகாப்புக் கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்த நகரத்தின் ஏழைகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து அதுதான். ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏழைகளுக்கு என்று ஒரு அறை கட்டி வாடகைக்கு விட அதற்குப் பிறகு யாரும் துணியவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தவர் தப்பினார். அடுத்த நாள் ரயிலில் வந்து இறங்கியவர் கால்வாய்க் கரையில் குடிசை போட்டார். இன்றைக்கும் வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் எடுக்க ஒரு வருட அட்வான்ஸ் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் காசில் வாங்கிய பிளாட்டுகள் கோயில் திருவிழாவுக்கு மட்டும் திறந்து மூடப்படுகின்றன. நாளுக்கு நாள் கூலி வாங்குபவர் நாளுக்கு நாள் வாடகை கொடுத்துத் தங்க இடம் என்று கொழும்பில் அநேகமாக எதுவும் இல்லை.

அடுத்தது, முதலில் பிரதமராகவும் பிறகு ஜனாதிபதியாகவும் இருந்த பிரேமதாசவின் காலம். கொழும்பின் வாழைத்தோட்டப் பகுதியில் பிறந்து வளர்ந்த மனிதர். தோட்டம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1978இல் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம், 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். இரண்டாவதில் ஒரு நல்ல யோசனை இருந்தது: அரசு வீடு கட்ட வேண்டாம், சின்னக் கடனும் கொஞ்சம் நிலமும் கொடுத்தால் சனங்களே கட்டிக்கொள்வார்கள். நகரத்தில் இரண்டு பேர்ச்சஸ் (சுமார் ஐம்பது சதுர மீற்றர்) துண்டு நிலத்தையும் காணியாக ஏற்றுக்கொள்ள விதியைத் தளர்த்தினார்கள். வீடற்றோருக்காக ஒரு சர்வதேச ஆண்டு வேண்டும் என்று ஐ.நா.வில் கேட்டதும் அவர்தான். 1982 கடைசியில் ஐ.நா. பொதுச் சபை 1987ஐ அந்த ஆண்டாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்து ஏழு மாதம்தான், 83 ஜூலை வந்தது. கொழும்பின் கோயில்களிலும் பாடசாலைகளிலும் பத்தாயிரக்கணக்கான தமிழர்கள் உடுத்த உடையோடு படுத்திருந்தார்கள்.

பிரேமதாச திட்டத்திலும்கூட ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது குடிசை வைத்திருந்தவருக்கு உதவியது. கடன் வாங்கக் குடும்பம் வேண்டும், துண்டு நிலம் வேண்டும், கணக்கெடுப்பு அட்டை வேண்டும். விறாந்தைக்காரருக்கு அட்டை எழுத எந்த வாசலுக்கு வருவார்கள்?

2001இல் ஒரு தொண்டு நிறுவனம் மாநகர சபையோடு சேர்ந்து எடுத்த கணக்கில் கொழும்பில் குறைந்த வருமானக் குடியிருப்புகள் 1,614, அவற்றில் 77,612 குடும்பங்கள். பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை சொன்ன கணக்கு 68,812 குடும்பங்கள். அவர்கள் இருந்த நிலம் சுமார் 900 ஏக்கர். ஒரு ஏக்கருக்கு எழுபத்தாறு குடும்பம். 2010இல் அந்த அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. இந்த 900 ஏக்கரை விடுவித்து விற்பதும், குடும்பங்களை மாடிகளுக்கு ஏற்றுவதும் திட்டம். போர்ட் சிட்டிக்காகக் கடலில் உருவாக்கிய நிலத்தை ஏக்கரில் சொன்னால் 665. அதாவது இடம் இல்லாத ஊர் அல்ல இது, கடலுக்குள்ளேயே இடம் உண்டாக்கத் தெரிந்த ஊர். ஆனால் ஏற்கெனவே ஆள் இருந்த நிலத்துக்குத்தான் கண் போனது, ஏனென்றால் அது நகரத்தின் நடுவில் இருந்தது. கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் 2010 மே மாதம் வீடுகள் இடிபட்டபோது இராணுவம் நின்றது. அங்கிருந்தவர்கள் பலரிடம் உறுதிப்பத்திரமே இருந்தது.

மாடிகள் வந்தன. தெமட்டகொட, வனாத்தமுல்லை, மட்டக்குளிப் பக்கம் போனால் பன்னிரண்டு மாடி, பதினான்கு மாடி என்று வரிசையாக நிற்கும். நான் அவற்றை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். கால்வாய்த் தண்ணீர் ஒவ்வொரு மே மாதமும் பாயை நனைத்த வீட்டிலிருந்து போனவருக்குத் தனிக் கக்கூஸும் பூட்டும் கதவும் சின்ன விஷயம் இல்லை. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் இறந்ததை நினைத்தால், எங்கேயாவது போனால் போதும் என்று தோன்றும். கணக்கு உதைக்கிற இடம் வேறு. ஒரு வீட்டுக்கு ஒரு மாடி வீடு என்பது விதி. ஆனால் தோட்டத்து வீடு ஒன்றில் மூத்த மகன் குடும்பம் மேலே பலகை அடித்து, மகள் குடும்பம் பின்பக்கம் தகரம் அடித்து, மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று அடுப்புக்கும் சேர்த்து 400 சதுர அடி கிடைத்தது. மேலே பலகை அடிக்க முடியாது, பின்னால் தகரம் அடிக்க முடியாது. வீடும் இனாம் இல்லை. பத்து இலட்சம் என்று விலை சொல்லி மாதத் தவணை வைத்தார்கள். நாளுக்குச் சம்பாதிப்பவருக்கு மாதம் பிறப்பதே பயம். தவணை, பராமரிப்புக் காசு, கரண்ட், தண்ணீர் எல்லாம் ஏறிக்கொண்டிருக்க, முதலில் வெளியேறுவது யார் தெரியுமா? குடும்பத்தில் யாருக்கும் பிரயோசனம் இல்லாதவர். குடிக்கிற சித்தப்பா, மனநிலை சரியில்லாத தம்பி, கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த தாய். முன்பு இவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு மூலை, ஒரு திண்ணை இருந்தது. மாடியில் திண்ணை கிடையாது.

இப்படித்தான் முதல் கோப்பின் வெற்றியே சில பேரை இரண்டாம் கோப்புக்குத் தள்ளுகிறது.

விலாசம் என்ற சாவி

விழுந்தவர் ஏன் ஏறுவதில்லை? குடி, பைத்தியம், சோம்பேறித்தனம் என்று நம் ஆட்கள் பிளேன்டி குடிக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். குடியும் மனநோயும் இருப்பது உண்மைதான். அங்கொடை, முல்லேரியா மனநல ஆஸ்பத்திரிகளில் குணமான பிறகும் கூட்டிப்போக ஆள் வராமல் வருடக்கணக்காக இருப்பவர்கள் உண்டு; வெளியே விட்டால் அவர்கள் போகும் இடம் கோட்டை ரயில் நிலையத்து வாசல்தான். ஆனால் தெளிவாக, நாளுக்கு நாள் உழைத்து, குடிக்காமல் இருப்பவரும் ஏற முடிவதில்லை. அவருக்குத் தடை ஒரு காகிதம்.

அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்று வையுங்கள். தெருவில் படுப்பவருக்கு அது தொலையாமல் இருந்தால்தான் அதிசயம். புதிது எடுக்கக் கிராம உத்தியோகத்தரின், அதாவது ஜி.எஸ்.ஸின், அத்தாட்சி வேண்டும். அவர் தன் பிரிவில் இன்ன இலக்க வீட்டில் இருப்பவருக்குத்தான் எழுதிக் கொடுக்க முடியும். வாக்காளர் இடாப்பும் வீட்டு இலக்கத்தின்படிதான். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசு நிவாரணக் கொடுப்பனவு குடும்பத்துக்கு, வங்கிக் கணக்கு வழியாக. கணக்குத் திறக்க அடையாள அட்டை, அட்டைக்கு விலாசம், விலாசத்துக்கு வீடு, வீட்டுக்குக் காசு. சுற்றிச் சுற்றி அதே விறாந்தைக்குத்தான் வந்து சேர வேண்டும். நாட்டிலேயே மிக ஏழையானவர் எந்த ஏழைப் பட்டியலிலும் வராமல் போவது இப்படித்தான். அலுவலகத்தில் இருப்பவர் கெட்டவர் என்பதில்லை. படிவத்தில் விலாசம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் மேலே அனுப்ப முடியாது. அவ்வளவுதான்.

ஆனால் அப்புறப்படுத்துவதற்கு மட்டும் விலாசம் தேவைப்படுவதில்லை. 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்கு முன் கொழும்புத் தெருக்களிலிருந்து யாசகர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று உலகச் செய்திகளிலேயே வந்தது. 2018 ஜனவரி 1 முதல் நகருக்குள் பிச்சை எடுக்கத் தடை என்று அப்போதைய மாநகர, மேல் மாகாண அபிவிருத்தி அமைச்சர் பாட்டலி சம்பிக்க ரணவக்க அறிவித்தார். பிடிபடுபவர்களை அனுப்பும் இடமாகச் சொல்லப்பட்டது அம்பாந்தோட்டைப் பக்கத்து ரிதியகம. கொழும்பிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கே சோறும் கூரையும் இருக்கலாம், ஆனால் நான்காம் குறுக்குத்தெரு இல்லை. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கும், கோயில் வாசலில் வெள்ளிக்கிழமைக் காசை நம்பியிருப்பவருக்கும் பிழைப்பு இந்த ஊரில்தான். திரும்பி வந்துவிடுகிறார்கள். வந்தவரைப் பார்த்து, “கொடுத்தாலும் இருக்க மாட்டான்கள்” என்கிறோம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரவில் விறாந்தைகளில் அவர்களை அதிகம் பார்க்க முடியாது. குறைவாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் படுக்காமல் விடிய விடிய நடப்பார்கள், ஆஸ்பத்திரி வெளிநோயாளர் வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள், ரயில் நிலையத்தில் வெளிச்சத்துக்குக் கீழே இருப்பார்கள். இருட்டில் தூங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அப்படி நடக்கிற பெண்ணைப் பாலியல் தொழிலாளி என்று பிடிப்பதற்கும் அதே 1841ஆம் ஆண்டுச் சட்டம்தான் கைகொடுக்கிறது. பிடிபட்டால் நீதவான் கங்கொடவிலையில் இருக்கும் மெத்செவன தடுப்பு இல்லத்துக்கு அனுப்பலாம்; அதற்கான சட்டம் 1907ஆம் ஆண்டுடையது. அங்கிருந்து வெளியே வர யாராவது பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்க ஆள் இருந்திருந்தால் அவள் ஏன் இரவில் நடக்கிறாள்?

2022க்குப் பிறகு கூட்டம் கூடியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. 2021க்கும் 2022க்கும் இடையில் நகர்ப்புற வறுமை 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக, மும்மடங்காகியது என்று உலக வங்கி மதிப்பிட்டது. இதற்குள் புறக்கோட்டை மானிங் மார்க்கெட் 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது. நகர நெரிசலுக்கு நல்லதுதான். ஆனால் நள்ளிரவில் மரக்கறி லொறி இறக்கி, மிச்சத்தில் சாப்பிட்டு, பக்கத்திலேயே படுத்தவர்களின் சம்பளமும் சாப்பாடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயின.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பக்கத்து நாட்டையே பார்க்கலாம். ஒரு இலட்சம் நகர மக்களுக்கு ஒரு இரவுக் காப்பகம் வேண்டும் என்று 2010இல் இந்திய உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. சென்னையில் மாநகராட்சியின் காப்பகங்கள் இயங்குகின்றன. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளியது. கொழும்பு மாநகர எல்லைக்குள் சுமார் ஐந்தரை இலட்சம் பேர். அந்த அளவுகோலின்படி ஆறு காப்பகம். கொட்டாஞ்சேனையில் ஒன்று, புறக்கோட்டையில் இரண்டு, மருதானையில் ஒன்று, பெண்களுக்கென்று இரண்டு. ஒரு சொகுசுத் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்துக்கு ஆகும் செலவுகூட ஆகாது. அதைவிட மலிவானது இன்னொன்று: அந்தக் காப்பகத்தின் இலக்கத்தை, அல்லது பிரதேச செயலகத்தின் இலக்கத்தையே, விலாசமாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை. அதற்குச் சீமெந்துகூடத் தேவையில்லை. எனக்கு என்னவோ காப்பகத்தைவிட அந்தச் சுற்றறிக்கைதான் முதலில் வரவேண்டும் என்று படுகிறது. காப்பகம் ஒரு இரவைத் தீர்க்கும். விலாசம் ஒருவரை இரண்டாம் கோப்பிலிருந்து எடுத்து முதல் கோப்பில் வைக்கும்.

எதிர்க்கடைப் பெரியவர் ஒரு மார்கழி மாதம் இருமி இருமி ஆஸ்பத்திரிக்குப் போனார், மூன்றாம் நாள் இறந்துபோனார். முதலாளிதான் போய்ப் பொறுப்பெடுத்தார். படிவத்தில் இறந்தவரின் வதிவிடம் என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கடை இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். அன்று இரவு எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் இதைச் சொன்னவருக்குக் கவலை தீரவில்லை. “ஏன் அக்கா, நாளைக்கு ஜி.எஸ். வந்து, இவர் எப்போதிருந்து இந்த விலாசத்தில் இருக்கிறார், ஏன் பதியவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்றது?”